இருமலை மூடிய பாட்டு

பெரூஸி எங்கள் சந்தைக்கு வந்தது பதினேழு வயதில். மசாகாவிலிருந்து வாழைத்தார் ஏற்றிவந்த லாரியின் உச்சியில், பச்சைக் குலைகளுக்கு நடுவே கால்நீட்டி உட்கார்ந்தபடி கம்பாலாவுக்குள் நுழைந்தவள். சுமை இறக்கியவர்கள் அவளைக் காட்டி, "இது எந்த ரகக் காய்டா?" என்று சிரித்தார்களாம். "வேகாத ரகம். கடிச்சா பல்லு போயிடும்" என்றாளாம் இவள். அன்றைக்கே அவளுக்குச் சந்தையில் இடம் கிடைத்துவிட்டது என்று இப்போதும் சொல்வார்கள்.

முப்பது வருடம் அதே இடத்தில் மடோகே என்னும் சமையல் வாழைக்காய் விற்றாள். ஒரு புருஷன் வந்தான், போனான். பெற்ற ஒரே மகளை ஜிஞ்சாவில் கட்டிக்கொடுத்தாள். கவெம்பேயில் வாடகை அறை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாட்டுக்குழு, மற்ற நாளெல்லாம் சந்தை. வாய் பெரிது. குரல் அதைவிடப் பெரிது. அவள் கூவி விற்க ஆரம்பித்தால் எதிர்ப்பக்கம் தக்காளிக்காரிகள் வாயை மூடிக்கொண்டு அவளுடைய வாடிக்கையாளர் திரும்பிப் போகும்போது பிடித்துக்கொள்வார்கள்.

அவளுக்குப் பக்கத்துக் கடை நஜ்ஜெம்பாவுடையது. காய்ந்த பொடிமீன் விற்பாள். மெலிந்த உருவம், நாற்பதைத் தொடாத வயது, பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவாள். ஊருக்கு வடக்கே மட்டுகாவில் செங்கல் சுடும் கிதாக்காவின் மனைவி. இந்த இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று யாருக்கும் புரிந்ததில்லை.

"உன் மீன் நாத்தத்துல என் காயெல்லாம் ஒரே நாள்ல பழுத்துப்போகுதுடி" என்பாள் பெரூஸி.

"பழுத்தா இனிக்கும்" என்பாள் நஜ்ஜெம்பா, தலையைத் தூக்காமல்.

கொரோனா வந்த வருடம், மார்ச் கடைசியில் ரேடியோவில் ஒவ்வொரு உத்தரவாக வந்தது. பள்ளிக்கூடம் இல்லை, கோயில் இல்லை, பஸ் இல்லை. இரவு ஏழு மணிக்கு மேல் தெருவில் நடமாடக்கூடாது. மோட்டார் சைக்கிள்காரர்கள் சாமான் ஏற்றலாம், ஆளை ஏற்றக்கூடாது. பிறகு எங்களுக்கு வந்தது: சந்தையில் உணவுப்பொருள் விற்பவர்கள் வீட்டுக்குப் போய்வரக்கூடாது, விற்க விருப்பமிருந்தால் சந்தையிலேயே படுத்துக்கொள்ளுங்கள்.

பாதிப்பேர் மூட்டை கட்டிக்கொண்டு நடந்துபோய்விட்டார்கள். மீதிப்பேர் தங்கினோம். முதல் வாரம் கல்யாண வீடுபோல இருந்தது. தூணுக்குத் தூண் கயிறு கட்டிக் கொசுவலைகளைத் தொங்கவிட்டோம். பெரூஸி ஒவ்வொரு வலைக்கும் ஒரு ஹோட்டல் பெயர் வைத்தாள். "மேடம், உங்க ரூம்ல வெங்காய மூட்டை ஃப்ரீயா?" என்று கேட்டுக்கொண்டு போவாள்.

அப்புறம் பெருநாரைகள் இறங்கின. அந்த வழுக்கைத் தலைப் பறவைகள் எங்களுக்குப் புதிதல்ல. கூரைமேலும் மரத்தின்மேலும் எப்போதும் நிற்பவைதான். ஆனால் ஹோட்டல்கள் மூடிக்கிடந்தன, குப்பை வரவில்லை. அவை பட்டினியில் தரைக்கு வந்து எங்களுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தன. ஒரு ஆள் நெஞ்சுயரம். துரத்தினால் இரண்டு எட்டு நகர்ந்து நின்று திரும்பிப் பார்க்கும். சாப்பிடும்போது முதுகுக்குப் பின்னால் அலகு தட்டும் சத்தம் கேட்கும். பாட்டும் கேலியும் மெல்லக் குறைந்தன.

வெளியே நகரம் சத்தமில்லாமல் கிடந்தது. டாக்ஸி நிலையத்தில் ஒரு வண்டி இல்லை. எங்கோ ஒரு ஊரில் ஒருத்தி இருமினாள் என்று முழுச் சந்தையையும் அடைத்து, எல்லாரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லையாம். யார் பார்த்தது என்று கேட்டால் பதில் இருக்காது. ஆனாலும் எல்லாரும் நம்பினோம்.

நஜ்ஜெம்பா இருமத் தொடங்கியது அந்தச் சமயத்தில்தான்.

முதலில் மீன் தூசி என்றாள். பிறகு குளிர் என்றாள். தோள்துணியை வாயில் திணித்துக்கொண்டு இருமுவாள். முதுகு குலுங்குவது மட்டும் தெரியும். அவளுக்கு இந்தப்பக்கம் படுத்திருந்த பயறுக்காரி, வலையை அவிழ்த்துக்கொண்டு அரிசிக்காரிகள் பக்கம் போனாள். மறுநாள் இன்னும் இருவர் போனார்கள்.  நஜ்ஜெம்பாவைச் சுற்றி இடம் அகலமாகிக்கொண்டே போனது. அந்த வெற்றிடத்தில் பெருநாரைகள் வந்து நின்றன. பெரூஸி மட்டும் தன் பாயை நகர்த்தவில்லை.

சந்தைத் தலைவர் செபுக்வாவோ. கோட்டுப் போட்ட, இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும் மனிதர். பெரியவர் என்ற மரியாதையில் எல்லாரும் 'முகுலு' என்றே கூப்பிடுவோம். நல்லவர்தான், சண்டை தீர்த்துவைப்பவர். அவர் ஒரு காலையில் பெரூஸியைத் தனியே கூப்பிட்டார்.

"மத்தியானம் காய்ச்சல் பாக்க ஆளுங்க வர்றாங்க. நெத்தியில துப்பாக்கி மாதிரி வெச்சுப் பாப்பாங்களாம்."

"பாக்கட்டுமே முகுலு."

"விளையாடாதே பெரூஸி. இவ ஒருத்தி இருமினா நாம அத்தனை பேரும் லாரியில. அப்புறம் சந்தைக்குப் பூட்டு. ஊருல யாரு என்ன சாப்பிடுவா, நம்ம பிள்ளைங்க என்ன சாப்பிடும்?"

"அதுக்கு அவள என்ன பண்ணச் சொல்றீங்க?"

"பின்னாடி வாழையிலைக் கிடங்கு இருக்கில்ல. கொஞ்ச நேரம் உள்ள இருக்கட்டும். அவங்க போனதும் தொறந்துடலாம். நீ சொன்னா கேப்பா."

பெரூஸி சொன்னாள். நஜ்ஜெம்பா கேட்டாள். காய்ச்சலில் அவள் கண்கள் மினுங்கின. எழுந்து பாயைத் தானே சுருட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கிடங்குக்கு நடந்தாள். ஜன்னல் இல்லாத தகரக் கிடங்கு. அழுகிய இலைவாடை. செபுக்வாவோ கதவைச் சாத்திப் பூட்டினார்.

வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்தார்கள். வரிசையாக எங்களை நிறுத்தினார்கள். நெற்றிக்கு நெற்றி அந்தத் துப்பாக்கி பீப் என்றது. அப்போது பின்னாலிருந்து அந்த இருமல் சத்தம் வந்தது. தகரச் சுவர் அதை இன்னும் பெரிதாக்கியது. ஒரு அதிகாரி தலையைத் திருப்பினார்.

பெரூஸி பாட ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு, கையடித்துப் பாடும் துதிப்பாட்டு. ஒரு கணம் எங்களுக்குப் புரியவில்லை. புரிந்ததும் பயறுக்காரி சேர்ந்துகொண்டாள். பிறகு தக்காளிக்காரிகள். பிறகு எல்லாரும். உரலில் கடலை இடிப்பவள் தாளத்துக்கு இடித்தாள். வந்தவர்கள் சிரித்தார்கள். "இந்தச் சந்தையில பயமே இல்ல போலிருக்கே!" என்று ஒருவர் தன் போனில் படம்கூட எடுத்தார். ஒரு பாட்டு முடிந்தால் பெரூஸி மூச்சுவிடாமல் அடுத்ததைப் பிடித்தாள். வரிசை நீளம். வெயில் ஏறியது. எங்கள் தொண்டை கட்டிப்போனது. அவள் நிறுத்தவில்லை. அவள் கண் மட்டும் கிடங்குப் பக்கமே இருந்தது.

அவர்கள் வண்டி ஏறிப் போனார்கள். பாட்டு நின்றது.

கிடங்கிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

 பெரூஸி ஓடினாள். கதவைத் தட்டினாள். "நஜ்ஜெம்பா! ஏய்! சத்தம் குடுடி!"

"சாவியக் கொடுங்க!"

செபுக்வாவோ வாசல் பக்கம் பார்த்தார். "பொறு. அவங்களோட வந்த பத்திரிகைக்காரங்க இன்னும் வெளிய நிக்கறாங்க. சாயங்காலம்…"

பெரூஸி அவரிடம் இரண்டாவது தடவை கேட்கவில்லை. தார் வெட்டும் அரிவாளை எடுத்துப் பின்பக்கத்தால் பூட்டை அடித்தாள். நான்காவதோ ஐந்தாவதோ அடியில் கொண்டியே பெயர்ந்தது. உள்ளிருந்து வந்த வெக்கை முகத்தில் அறைந்தது. இலைக்குவியல்மேல் நஜ்ஜெம்பா சுருண்டு கிடந்தாள். வாய் நிறைய வாழைச் சருகு. இருமல் வெளியே கேட்கக்கூடாதென்று அவளே திணித்துக்கொண்டிருக்கிறாள்.

மூச்சு இருந்தது. பெரூஸி சருகை விரலால் தோண்டி எடுத்தாள். தண்ணீர் புகட்டினாள். நாங்கள் தள்ளியே நின்றோம்.

"நான் இவள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"வெளிய போனவங்க திரும்ப உள்ள வரமுடியாது" என்றார் செபுக்வாவோ. "சட்டம் அது. நான் போட்டதில்ல."

"தெரியும். என் காய எல்லாம் நீங்களே தின்னுங்க. வேகாது."

காய் ஏற்றும் சைக்கிள் ஒன்று அவளிடம் உண்டு. நஜ்ஜெம்பாவைப் பின்னால் உட்காரவைத்து, தார் கட்டும் நாரால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஓட்டவில்லை, தள்ளினாள். வழியில் நடந்ததெல்லாம் பின்னால் அவர்களே சொல்லி நாங்கள் அறிந்தது. வண்டெகெயா தாண்டி, கலெர்வே ரவுண்டானா தாண்டி, பொம்போ சாலையில் வடக்கே. மனிதர் முழங்கை இடித்துக்கொண்டு நடக்கும் சாலை அது. அன்று நடுச்சாலையில் ஒரு ஆட்டுக்குட்டி படுத்திருந்தது. மூடிய கடைகளின் இடுக்கிலிருந்து கண்கள் பார்த்தன. யாரும் "எங்கே போறீங்க?" என்று கேட்கவில்லை. இருமல் சத்தம் கேட்டதும் கதவுகள் சாத்தப்படும் ஓசை மட்டும் தெருவோடு கூடவே வந்தது.

ப்வாயிசேயில் சிப்பாய்கள் மறித்தார்கள்.

"ஆள ஏத்தக்கூடாதுன்னு தெரியாதா?"

"ஆள் இல்ல ஐயா, சாமான்" என்றாள் பெரூஸி. "ஆளா இருந்தா காசு குடுக்குமே. இது ஒண்ணும் குடுக்காது."

ஒரு சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொருவனுக்கு வரவில்லை. "சாமான் இருமுதே" என்றான். கையிலிருந்த தடியால் சைக்கிளைத் தள்ளிக் காட்டினான். "இறக்கு. நடந்து போங்க. ஏழு மணிக்கு மேல இந்த ரோட்டுல உங்களப் பாத்தேன்னா நான் சிரிக்க மாட்டேன்."

நடந்தார்கள். சைக்கிளை ஒரு கையிலும் நஜ்ஜெம்பாவை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தாள் பெரூஸி. கவெம்பேயில் அவள் அறை இருக்கும் சந்து வந்தது. உள்ளே போகலாம் என்றாள். நஜ்ஜெம்பா தலையாட்டி மறுத்து, மூடிய கடையொன்றின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பெரூஸி, இது அந்தப் புது நோய் இல்ல."

"மீன் தூசின்னு மறுபடி சொல்லாத, அறைஞ்சிடுவேன்."

"மாத்திரை தீந்துபோச்சு."

"என்ன மாத்திரை?"

நஜ்ஜெம்பா சாலையைப் பார்த்தாள். "நான் எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுறவ. பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. தெரிஞ்சவங்க கண்ணுல படக்கூடாதுன்னு ஊருக்கு அந்தக் கோடியில, என்டெபே ரோட்டு ஆஸ்பத்திரியில வாங்குவேன். பஸ் நின்னுபோச்சு. நடந்து போக முடியல. யார்கிட்ட சொல்லுவேன்? நாளுக்கு ஒண்ணா இருந்தத ரெண்டு நாளைக்கு ஒண்ணாக்கினேன். அப்புறம் அதுவும் இல்ல."

பெரூஸி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளருகே படியில் உட்கார்ந்தாள். 

"கிதாக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா…" மிச்சத்தை இருமல் எடுத்துக்கொண்டது.

"சரி. எனக்கும் தெரியாது" என்றாள் பெரூஸி. "எந்திரி."

மட்டுகாவை அடைந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. ஊருக்குள் திரும்பும் செம்மண் பாதையில் மூங்கில் கழியைக் குறுக்கே கட்டி இளவட்டங்கள் நின்றார்கள். கையில் கல். பின்னால் பெரியவர்கள். அவர்களுக்கு நடுவே கிதாக்கா, உடம்பெல்லாம் செங்கல் தூசியோடு.

"அங்கேயே நில்லுங்க! டவுன்லேர்ந்து யாரும் உள்ள வரக்கூடாது."

"இது இவ வீடு. அந்தா நிக்கறான் இவ புருஷன்" என்றாள் பெரூஸி. "கிதாக்கா, உன் பொண்டாட்டியக் கூட்டிக்கோ."

கிதாக்கா ஓரடி முன்னால் வந்தான். பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தான். மறுபடி பின்னால் போய் நின்றான்.

நஜ்ஜெம்பா குனிந்து இருமினாள். ஒரு கல் வந்து சைக்கிள் சக்கரத்தில் பட்டுத் தெறித்தது.

"கொரோனாவக் கொண்டாந்திருக்காளுங்க!"

உண்மையைச் சொல்லியிருந்தால் கழி விலகியிருக்கும். பெரூஸிக்கு அது தெரியும். நஜ்ஜெம்பாவுக்கும் தெரியும். அவள் விரல்கள் பெரூஸியின் மணிக்கட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தன.

பெரூஸி சைக்கிளை மூங்கில் கழியிலேயே சாய்த்துவைத்தாள். பிறகு நடுப்பாதையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். நஜ்ஜெம்பாவையும் இழுத்து உட்காரவைத்தாள்.

"ஏய், என்ன பண்றே?"

"உக்காந்திருக்கேன். ஏழு மணிக்கு மேல ரோட்டுல போனா சிப்பாய் அடிப்பான், உள்ள வந்தா நீங்க அடிப்பீங்க. அதனால ராத்திரி பூரா இங்கதான். இவ இருமுவா. நானும் கூட இருமுவேன். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்தீங்களா, முகுலு?"

காற்று ஊரை நோக்கித்தான் அடித்தது. கழியருகே நின்றவர்கள் பின்வாங்கினார்கள். தங்களுக்குள் கூடிப் பேசினார்கள். கடைசியில் ஒரு பெரியவர் தூரத்திலிருந்து சொன்னார்: ஊர் எல்லையில் கட்டி முடிக்காத வீடு ஒன்று இருக்கிறது. இரண்டு பேரும் இரண்டு வாரம் அதற்குள் இருக்கவேண்டும். வெளியே காலை வைத்தால் கல்.

கூரை முடியாத அந்தச் செங்கல் வீட்டில் இருந்தார்கள். பாதிக்கூரைக்குத் தகரம் போட்டிருந்தது. மழை பெய்தால் அதன்கீழ் ஒதுங்குவார்கள். மக்காச்சோளக் களியும் அவரையும் தட்டில் வரும், தூரத்தில் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். கிதாக்கா தினமும் வந்து புதருக்கு அப்பால் நிற்பான்.  நஜ்ஜெம்பாவின் மூச்சு சில நாள் ரம்பம் அறுப்பதுபோல இருந்தது. இன்றைக்குப் போய்விடுவாள் என்று பெரூஸி பல தடவை நினைத்தாளாம். அவளைப் புதைக்கவாவது இந்த ஊர் உள்ளே விடுமா என்றும் யோசித்தாளாம்.

ஒருநாள் ஊரின் சுகாதாரத் தொண்டுக்காரி, நாமுகாசா என்ற பெண், காய்ச்சல் விசாரிக்கச் சைக்கிளில் வந்தாள். வாசலில் நின்றே பேசினாள். பெரூஸி அவளைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு நஜ்ஜெம்பாவிடம் திரும்பி, "நீ சொல்றியா, நான் பாத்திரம் கழுவப் போகட்டுமா?" என்றாள்.

நஜ்ஜெம்பா சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, "போ. நானே சொல்றேன்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து நாமுகாசா ஒரு பொட்டலம் மாவு கொண்டுவந்தாள். "ரொம்ப பலவீனமா இருக்கா, இந்த மாவக் கஞ்சி காச்சிக் குடுங்க" என்று புதருக்கு அப்பால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். மாவுக்கு நடுவே மாத்திரை டப்பா இருந்தது. நெஞ்சுச்சளிக்கும் மருந்து இருந்தது.

நஜ்ஜெம்பா பிழைத்தாள். மெதுவாக, பாதி உடம்பாக. எல்லை வீட்டிலிருந்து தன் வீட்டுக்கு நடந்தாள். அன்று இரவே புருஷனிடம் தானாகச் சொல்லிவிட்டாள். கிதாக்கா கத்தவில்லை, அடிக்கவில்லை. நீயும் போய்ச் சோதனை செய்துகொள் என்றதற்கு மாட்டேன் என்றான். சில வாரத்தில் லுவேரோவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனான். இன்னும் திரும்பவில்லை. இப்போது ரொம்ப மெலிந்திருக்கிறான் என்று கேள்வி.

பஸ்கள் ஓடத் தொடங்கியதும் பெரூஸி சந்தைக்கு வந்தாள். அவள் இடத்தில் வெங்காய மூட்டைகள் அடுக்கியிருந்தன. நஜ்ஜெம்பாவின் பலகையையும் பாயையும் எரித்திருந்தார்கள். பெரூஸி நடந்துவர, பெண்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள்.

"அவ செத்துட்டாளா?" என்றாள் பயறுக்காரி.

"உயிரோட இருக்கா. நெஞ்சுல சளி. வேற ஒண்ணுமில்ல."

"சளியாம்! சளிக்கு யாராவது பூட்ட உடைப்பாங்களா? நீ இங்க உக்காந்தா எங்க வியாபாரம் போயிடும் பெரூஸி. கோச்சுக்காதே."

செபுக்வாவோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரூஸி வாசலுக்கு வெளியே, பெட்ரோல் புகை அடிக்கும் இடத்தில் நாலு தாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாங்க வந்தவர்களிடம் யாராவது காதில் எதையாவது சொல்லிவிடுவார்கள். அவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். "கொரோனா பெரூஸி" என்ற பெயர் நிலைத்தது. மாதக்கணக்கில் அப்படியே இருந்தாள். கூவுவதைக்கூட விட்டுவிட்டாள். ஒரு வாக்கியம் போதும், எல்லாம் தீர்ந்திருக்கும். அவள் அதைச் சொல்லவில்லை.

யார் மூலமோ இது மட்டுகாவுக்கு எட்டியிருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு காலை, நல்ல கூட்ட நேரத்தில், நஜ்ஜெம்பா வந்தாள். சந்தை நடுவே உரல் பக்கம் போய் நின்றாள். குரலை உயர்த்தி அவள் பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்கு வந்தது கொரோனா இல்ல. நான் எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுறவ. மாத்திரை கிடைக்கல, அதான் படுத்தேன். வெளிய உக்காந்திருக்காளே, அவளுக்கு அது அன்னைக்கே தெரியும். உங்க யாருக்காவது சொன்னாளா?"

உரல் நின்றது. எங்கேயோ காசு உருண்டு ஓடியது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

வாசலிலிருந்து பெரூஸி ஓடிவந்தாள். "வாய மூடுடி! உன்ன யாருடி கேட்டா? இத்தனை மாசம் நான் எதுக்கு வெயில்ல காய்ஞ்சேன்?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கிக்கொண்டே அழுதாள்.

செபுக்வாவோ வெங்காய மூட்டைகளை நகர்த்தச் சொன்னார். பயறுக்காரி மன்னிப்புக் கேட்டாள். பெரூஸி யாரையும் திட்டவில்லை. "அந்தக் கிடங்கு கண்ணுல பட்டா எனக்குத் தூக்கம் வராது" என்று மட்டும் சொன்னாள். சைக்கிளில் தார்களைக் கட்டிக்கொண்டு கலெர்வே சந்தைக்குப் போனாள். சாக்கடை ஓரம், மழை வந்தால் முழங்கால் தண்ணீர். நஜ்ஜெம்பா பக்கத்தில் மீன் பலகை போட்டாள்.

அடுத்த வருடம் ஜூனில் நோய் மறுபடி வந்தது. இந்தத் தடவை வதந்தி இல்லை. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் இல்லை என்றார்கள், ஒவ்வொரு தெருவிலும் துக்கக்கூடாரம் போட்டிருந்தது. மறுபடி பஸ்ஸை நிறுத்தப்போகிறார்கள் என்று ரேடியோ சொன்ன அன்று காலை, மற்றவர்கள் மாவும் எண்ணெயும் சேர்க்க ஓடிக்கொண்டிருந்தார்கள். பெரூஸி மட்டும் கலெர்வே சந்தையில் கடை கடையாகப் போனாளாம்.

"எவளுக்கு என்ன மாத்திரை வேணுமோ இப்பவே போய் வாங்கிடுங்கடி. சர்க்கரையோ பிரஷரோ வேற எதுவோ, எனக்கென்ன? போக முடியாதவங்க சொல்லுங்க, நான் போறேன். சத்தமா சொல்ல வெக்கமா இருந்தா காதுல சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்களாம். பிறகு ஒருத்தி, காய் வாங்குவதுபோல வந்து, குனிந்து, அவள் காதருகே வாயைக் கொண்டுபோனாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி நின்றாள்.